ரைலி காரின் கம்பளமும் கோயில் வாசலும்

பெந்த்ரெகெல்லி, வேல்ஸ்
1 ஆகஸ்ட் 1994

நீரையும் நிலத்தையும் ஆதியிலேயே பிரித்து, நீருக்கு எல்லையும் நிலத்துக்கு உலர்ச்சியும் அருளிய எங்கள் ஆண்டவரே, உமது நாமத்தை முன்வைத்தே இந்த எழுத்தைத் தொடங்குகிறேன். அந்த எல்லையை என் காருக்குள்ளும் சற்று வகுத்தருளும்.

அன்பு மகள் லோவ்ரிக்கு, உன் அப்பா இத்தெல் எழுதுவது. இங்கே நலம். பூமியின் மறுமுனையில், நம்மவர் கப்பலேறிப் போய்க் குடியேறிய சுபுத் பள்ளத்தாக்கில், அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு நீ நம் மொழியைக் கற்பிப்பதை ஞாயிறுதோறும் ஜெபவீட்டில் சொல்லி ஜெபிக்கிறேன். சபையார் உன்னை விசாரிக்கிறார்கள். உன் திருமணத்தை மட்டும் எவரும் விசாரிப்பதில்லை.

நீ மணக்கவிருக்கும் மாட்டு வைத்தியர் கெத்தின் அனுப்பிய பொதி வந்து சேர்ந்தது. நம் பழைய ரைலி காருக்கென்றே வெட்டித் தைத்த கம்பளத் துண்டுகள், கரும்பச்சை நிறம், ஓரங்களில் தோல்பட்டை. ஜனவரி இருபத்தைந்தில் நீ வெள்ளை உடுப்போடு ஏறவேண்டிய கார் துருப்பிடித்த தகரத் தரையோடு நிற்கலாகாது என்று ஒரு சீட்டும் உள்ளே இருந்தது. தாமே வந்து போட்டுத் தரட்டுமா என்றும் கேட்டிருந்தார். வேண்டாமென்று பதில் அனுப்பினேன். ஊர் ஊராய்ப் பிரசங்கத்துக்கு ஓட்டிப்போன காருக்குக் கம்பளம் விரிக்க பெரிய கோயிலைச் சேர்ந்த ஓர் ஆங்கிலிக்கனின் கை எனக்குத் தேவையில்லை.

ஆசனங்களைக் கழற்றினேன். ஒரு போல்ட் வெளியே வர ஒரு முழு முற்பகல் ஆயிற்று. பழைய கம்பளம் உரிந்து வரவில்லை. ஊறிய ரொட்டியைப் போலப் பிய்ந்து வந்தது. அதனடியில் போட்டிருந்த கம்பளிப் பட்டையில் எலி குடித்தனம் நடத்தியிருக்கிறது. பிரசங்கத்துக்கு முன் நான் வாயில் போடும் பெப்பர்மின்ட் மிட்டாய்கள் பலவற்றை அது அங்கே சேமித்து வைத்திருந்தது.

புதிய துண்டுகளின் சுருக்கம் போகட்டுமென்று முன்னறை நாற்காலிகளின்மேல் அவற்றை விரித்து வைத்தேன். பின்பு முன்பக்கத் துண்டை எடுத்து, ஆசனப் போல்ட்டுகளுக்குத் துளை வெட்டத் துணிந்தேன். அளவை ஒருமுறைக்கு இருமுறை எடுத்தேன். சுண்ணாம்புக் கட்டி நன்றாகப் பதியுமென்று கம்பளத்தைக் குப்புறப் போட்டு முதுகில் குறித்தேன், வெட்டினேன். திருப்பிப் போட்டதும் எல்லாத் துளைகளும் எதிர்ப்பக்கம் போய் நின்றன. வலது இடதாகவும் இடது வலதாகவும் மாறும் என்பதைச் சிறுபிள்ளையும் அறியும். உன் அப்பா அறியவில்லை. அந்தக் கோபத்தில் நம் பழைய யாப்பிலே நாலடி பாடினேன்:

விரித்தேன் மடங்கும்; மடித்தேன் விரியும்;
கரித்தேன் சிரிக்கும்; கடிந்தேன் சுருங்கும்;
தரித்திடச் சொன்னால் தளத்தினில் நில்லா(து)
திரிந்திடும் துணியே, தேவனுக்(கு) அஞ்சாய்.

கடைசியாக ஒன்று. ஊரின் பெரிய கோயிலில்தான் உன் திருமணம் என்று முடிவு செய்துவிட்டாய். சொன்ன சொல் மாறமாட்டேன். காரை நானே ஓட்டி வந்து உன்னைக் கோயில் வாசலில் இறக்கிவிடுவேன். உள்ளே வரமாட்டேன்.

உன் அப்பா,
இத்தெல்

*

கைமன், சுபுத்
22 ஆகஸ்ட்

அன்புள்ள அப்பா,

கம்பளத்துக்கு மூன்று பக்கம், எனக்கு மூன்று வரி. எண்ணிப் பார்த்தேன். எலிக்குக்கூட என்னைவிட அதிகம் எழுதியிருக்கிறீர்கள்.

பாட்டு நன்றாக இருக்கிறது. மூன்றாம் அடி நொண்டுகிறது, ஆனால் உங்கள் கோபம் அதைத் தாங்கிப் பிடிக்கிறது. இங்கே நான் தங்கியிருக்கும் வீட்டில் படித்துக் காட்டினேன். வீட்டுக்காரர் மாத்தே என்னும் இங்கத்து இலைத் தேநீரை உறிஞ்சும் குழலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார். "உங்க அப்பா போதகரா, இல்ல தையல்காரரா?" என்று கேட்டார். இரண்டும் இல்லாத நேரத்தில் பிடிவாதக்காரர் என்றேன்.

இப்போது காரியம். எதிர்ப்பக்கம் வெட்டிய துளைகளுக்குப் பின்னாலிருந்து ஒட்டுப் போடுங்கள்; ஆசனம் வந்தால் பாதி மறைந்துவிடும். இனிமேல் மேலிருந்து அளக்காதீர்கள். கார்ப்பெட்டை அதன் இடத்தில் போட்டபிறகு, காருக்கு அடியிலிருந்து போல்ட் துளை வழியாகக் குத்தூசியை மேலே ஏற்ற வேண்டும். ஊசி எங்கே எட்டிப் பார்க்கிறதோ அங்கேதான் வெட்ட வேண்டும். கெத்தின் அப்படித்தான் தன் வண்டிக்குச் செய்தார். அவரைக் கூப்பிடுங்கள் என்று சொல்லவில்லை. கூப்பிட்டால் வருவார் என்று மட்டும் சொல்கிறேன்.

அடுத்தது என் மூன்று வரி. கார்க் கதவிலிருந்து பலிபீடம் வரை யார் என்னோடு நடப்பது? அம்மா இல்லை. அண்ணன் தம்பி இல்லை. "வாசலில் இறக்கிவிடுவேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். வாடகைக் கார்க்காரரும் அதைத்தான் செய்வார், அப்பா.

கெத்தினுடைய அம்மாவால் மலையேறி நம் ஜெபவீட்டுப் படிகளுக்கு வர முடியாது. அதனால்தான் பெரிய கோயில். இதை ஏற்கெனவே சொன்னேன். நீங்கள் கேட்கவில்லை, அல்லது கேட்டும் எலியைப் பற்றி எழுதிவிட்டீர்கள்.

லோவ்ரி

*

பெந்த்ரெகெல்லி
12 செப்டம்பர்

கர்த்தருக்குத் துதி. அவர் அனுப்பும் மழைக்கும் துதி சொல்லவே முயல்கிறேன். இந்த வாரம் நாவு எழவில்லை.

மகளே, கம்பளம் போட்டு முடித்தேன். முடித்த மறுநாளே அழிந்தது.

நடந்தது இது. துண்டுகள் ஓரிடத்தில் நிற்காமல் நழுவியதால், தரை முழுவதும் பசை தடவி அழுத்தி ஒட்டினேன். என் சீவியத்தில் நான் செய்த நேர்த்தியான வேலை அதுவே என்று எண்ணினேன். அன்று இரவு மழை. காலையில் கதவைத் திறந்தால், முன் ஆசனத்தின் இடப்பக்கத் தரையில் நீர் தேங்கி நிற்கிறது. பசை கரைந்து கம்பளம் கொழகொழவென்று கையோடு வந்தது. முன் கண்ணாடியின் இடது மூலையில் ரப்பரை அழுத்தி மெழுகு பூசினேன். மறுபடி மழை, மறுபடி நீர். பழங்காலத்தில் ஒரு நியாயாதிபதி களத்திலே ஆட்டுத்தோலை விரித்து, அது மட்டும் பனியில் நனைந்து தரை காய்ந்திருக்கட்டும் என்று அடையாளம் கேட்டாராம். நான் எந்த அடையாளமும் கேட்கவில்லை. எனக்கோ முற்றம் காய்ந்த பின்னும் கம்பளம் நனைந்தே கிடக்கிறது.

நம் மூப்பர் இஸ்லுயின், அதாவது தபால் இஸ்லுயின், கடிதம் கொடுக்க வந்தவர் காரைச் சுற்றி இருமுறை நடந்தார். "போதகரே, இது காரா, இல்ல ஞானஸ்நானத் தொட்டியா?" என்று கேட்டார். நான் கம்பளத்தைப் பிழிந்துகொண்டிருந்தேன். அவரே தொடர்ந்தார்: "கோயில்காரன் குடுத்த கார்ப்பெட்டு. தெளிச்சாத்தான் அதுக்குப் பழக்கம். முழுக்குன்னா தாங்காது." தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டு சைக்கிளில் போனார். மாலைக்குள் ஊர் முழுவதும் அதைச் சொல்லிவிட்டார்.

நீ கேட்டதற்கு வருகிறேன். யார் உன்னோடு நடப்பது என்கிறாய். லோவ்ரி, உன் கேள்வி என் தூக்கத்தைக் கெடுத்தது உண்மை. ஆனாலும் கேள். என் தந்தையின் பாட்டனார் அந்தக் கோயிலுக்குத் தசமபாகம் செலுத்த மறுத்தார். தாம் தொழாத ஆலயத்துக்குத் தாம் ஏன் அளக்கவேண்டும் என்றார். அதற்காக அவருடைய கறவைப் பசுவைத் தொழுவத்திலிருந்து அவிழ்த்து, கோயில் வாசலில் நிறுத்தி ஏலம் கூறினார்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தது. அன்று முதல் நம் குடும்பத்தில் ஒருவரும் அந்த வாசலைக் கடந்ததில்லை. சாவுக்கும் கடந்ததில்லை, வெளிச்சுவருக்கு அப்பால் நின்றே தொப்பியைக் கழற்றியிருக்கிறோம். நாற்பது ஆண்டு நான் முழுக்கு ஞானஸ்நானத்தைப் பிரசங்கித்தேன். குழந்தையின் நெற்றியில் மூன்று துளி தெளித்தால் போதும் என்போரின் பலிபீடத்துக்கு நானே என் மகளைக் கைப்பிடித்து அழைத்துப் போனால், அடுத்த ஞாயிறு என் சபையின் முகத்தில் எப்படி விழிப்பேன்?

கெத்தின் நல்ல மனிதர் அல்லவென்று நான் சொல்லவில்லை. அவர் இன்னும் ஞானஸ்நானம் பெறவில்லை என்றே சொல்கிறேன்.

கம்பளத்தை மறுபடியும் காயவைத்திருக்கிறேன்.

அப்பா

*

கைமன்
1 அக்டோபர்

அப்பா,

உங்கள் கடிதத்தைப் பள்ளி முற்றத்தில் நின்றே படித்தேன். காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போனது. துரத்திப் பிடித்தேன். பிடிக்காமலே விட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

பதினைந்து வயதில், ஏப்ரல் மாத ஆற்றில், பனிக்கட்டி கரைந்த தண்ணீரில் என்னை முழுக்கி எழுப்பியவர் நீங்கள். பல் கிட்டிப்போய் நின்றேன். "பயப்படாத, அப்பா புடிச்சிருக்கேன்" என்று காதில் சொன்னீர்கள். அது சபைக்குக் கேட்கவில்லை, எனக்குக் கேட்டது. அந்த முழுக்கை நான் மறுக்கவில்லை. என் விசுவாசம் மாறவில்லை. மாறப்போவது என் வீட்டு முகவரி மட்டும்.

பசுவின் கதையைச் சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். அந்தப் பசுவுக்காக நானும் அழுதிருக்கிறேன். ஆனால் அந்தப் பசுவை ஏலம் விட்டவர்களில் ஒருவராவது கெத்தினா? அவர் பிழைப்பே பசுக்களைக் காப்பாற்றுவது.

இனிக் கேட்கமாட்டேன். இதுதான் கடைசி. கார் சரியானால் வாருங்கள். ஆகாவிட்டால் கெத்தினுடைய வண்டியில் ஏறிப் போகிறேன். ஆட்டு வாடை அடிக்கும். வெள்ளை உடுப்பில் சாணி படும். பரவாயில்லை. வாசலில் இறங்கி, உள்ளே தனியாக நடந்து போவேன். யாரையும் என் கையைப் பிடிக்கச் சொல்லமாட்டேன். மாமா, சித்தப்பா என்று எவரையும் அந்த இடத்தில் நிறுத்தமாட்டேன். அந்த இடம் காலியாக இருக்கும், எல்லோரும் பார்ப்பார்கள். அது உங்கள் இடம்.

தரையோடு சேர்த்து ஒட்டாதீர்கள். நம் ஊர் மழைக்கு, கழற்றிக் காயவைக்கும்படிதான் கார்ப்பெட் இருக்க வேண்டும். கதவுப்படியிலும் நடுவே ஓடும் மேட்டிலும் மட்டும் பசை போதும்.

லோவ்ரி

*

பெந்த்ரெகெல்லி
20 அக்டோபர்

மகளே,

இன்று துதியோடு தொடங்க என்னால் ஆகவில்லை. ஆண்டவர் அறிவார்; மன்னிப்பார்.

மூன்றாம் முறையும் நீர் புகுந்தது. அதே இடப்பக்கம். இடது மூலை ரப்பர் முழுவதையும் மாற்றிவிட்டேன். கதவின் அடி விளிம்பையும் அடைத்துவிட்டேன். எதற்கும் அது அஞ்சவில்லை. கம்பளத்தைக் கழற்றி, ஜெபவீட்டுப் பின்னறைக் கம்பியில் தொங்கவிட்டிருக்கிறேன். அதன் வாடை முன்வரிசை வரை வருகிறது. போன ஞாயிறு நான் பாவத்தின் நாற்றத்தைக் குறித்துப் பிரசங்கித்தபோது இருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு புன்னகைத்தார்கள். இத்தனை ஆண்டுகளில் என் பிரசங்கத்தின் நடுவே எவரும் சிரித்ததில்லை.

நகரத்தில் வாடகைக்குத் திருமணக் கார் கிடைக்குமா என்று விசாரிக்கும்படி இஸ்லுயினிடம் சொல்லிவிட்டேன். அது உன்னை உரிய நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும். அதன் தரையில் கம்பளம் இருக்கும்.

உன் கடைசிக் கடிதத்துக்குப் பதிலெழுதத் தொடங்கி மூன்று தாள்களைக் கிழித்துவிட்டேன். அதனால் கம்பளத்தைப் பற்றியே எழுதுகிறேன்.

இத்தெல்

*

கைமன்
6 நவம்பர்

அன்புள்ள அப்பா,

கேட்கமாட்டேன் என்றேன், கேட்கவில்லை. இது வேறு விஷயம், வெறும் தண்ணீர் விஷயம்.

ஒழுக்கைத் தனி ஆளாகக் கண்டுபிடிக்க முடியாது. ஒருவர் வெளியே குழாய் பிடிக்க வேண்டும். ஒருவர் உள்ளே விளக்கோடு உட்கார்ந்து முதல் துளி எங்கே எட்டிப் பார்க்கிறதென்று பார்க்க வேண்டும். மழை பெய்து ஓய்ந்தபிறகு நீங்கள் பார்ப்பதெல்லாம் தேங்கிய தண்ணீர்தான். அது வந்த வழி அல்ல.

கெத்தினுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். ஒரு சனிக்கிழமை வருவார். திருமணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். "அப்ப என்னதான் பேசறது?" என்று கேட்டார். "தண்ணி வருது, தண்ணி வரல. ரெண்டே வார்த்தை" என்றேன்.

கதவைத் திறந்து விடுங்கள், அப்பா. வீட்டுக் கதவைச் சொல்லவில்லை. கார்க் கதவை.

டிசம்பர் இருபதில் இங்கிருந்து புறப்படுகிறேன். அதற்குமுன் உங்கள் கடிதம் ஒன்று வந்தால் சந்தோஷம்.

லோவ்ரி

*

பெந்த்ரெகெல்லி
28 நவம்பர்

மறைவானதை வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறவரும், முழங்கால் மடக்கத் தெரியாதவனையும் தள்ளிவிடாதவருமாகிய ஆண்டவருக்குத் துதி.

அன்பு மகளே,

கெத்தின் வந்தார். கறவை மாட்டுக்குப் பிரசவம் பார்த்துவிட்டு நேரே வந்ததால் கைமூட்டு வரை வைக்கோல் ஒட்டியிருந்தது. தேநீர் தரவா என்றேன். "வேலை முடிஞ்சு குடிக்கலாம் போதகரே" என்றார். ஆசனமில்லாத காருக்குள் ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தார். நான் தோட்டத்து ஹோஸ் குழாயோடு வெளியே நின்றேன். கண்ணாடியை ஒருமுறை தட்டினால் குழாயை நகர்த்து, இருமுறை தட்டினால் நிறுத்து. இதுதான் எங்கள் ஏற்பாடு.

நான் வழக்கம்போல் இடது மூலையில் பாய்ச்சினேன். ஒருமுறை தட்டினார். நடுவில் பாய்ச்சினேன். மறுபடி ஒருமுறை. வலது மூலைக்கு வந்தேன். அதன்பின் தட்டுச் சத்தமே இல்லை. நீரில் கலங்கிய கண்ணாடி வழியாக அவர் முகம் தெரிந்தது. வாயைத் திறந்து திறந்து மூடினார். கோயிற்பாடகர் குழுவின் தலைவர் அல்லவா, உள்ளே உட்கார்ந்து சங்கீதம் பாடுகிறார் என்று எண்ணினேன். என் குழாய்க்கு அடியில் இருந்துகொண்டு இவருக்கு இவ்வளவு துணிச்சலா என்று எனக்குச் சினம் வந்தது. குழாயை இன்னும் திறந்துவிட்டேன்.

கடைசியில் கதவை உதைத்துத் திறந்துகொண்டு வெளியே வந்தார். தலைமுடியிலிருந்து பூட்ஸ் வரை ஒரு நூல்கூடக் காய்ந்திருக்கவில்லை.

"ஏன் தட்டல?" என்று கேட்டேன்.

"ஒரு கைல விளக்கு. இன்னொரு கைய ஓட்ட மேல வெச்சிருந்தேன். எடுத்திருந்தா எடம் தப்பிப் போயிருக்கும்." அப்படியே நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "போதகரே, தலையிலேர்ந்து கால் வரைக்கும் ஆச்சு. இப்பவாவது கணக்குல சேப்பீங்களா?"

"விசுவாச அறிக்கை சொல்லாம முழுகினா சேராது" என்றேன்.

"சொன்னேனே. நீங்கதான் தண்ணிய நிறுத்தல."

"என்ன சொன்னீங்க?"

"வலப்பக்கம்தான் வழின்னு நம்பறேன்னு சொன்னேன்."

மகளே, நான் சிரித்தேன். கம்பளம் வந்த நாளிலிருந்து நான் சிரித்தது அதுவே முதன்முறை.

காரியம் இதுதான். நீர் நுழைவது வலது மூலையில். நுழைந்தவுடன் விழுவதில்லை. கருவிப்பலகையின் பின்னே ஒரு கம்பி விளிம்பைப் பற்றிக்கொண்டு குறுக்கே ஓடி, இடப்பக்கம் போய் விழுகிறது. நனைந்த இடத்தையே நான் இரண்டு மாதத்துக்கும் மேலாக அடைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் ஈர உடைகளை அடுப்பருகே போட்டுவிட்டு, உடுத்த வேறொன்றும் பொருந்தாததால் என் கறுப்புப் பிரசங்க அங்கியை மாட்டிக்கொண்டு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அந்நேரம் பார்த்துத் தபாலோடு இஸ்லுயின் உள்ளே வந்தார். அங்கியைப் பார்த்தார், அங்கிக்குள் இருந்த ஆளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சபைக்குச் சொல்லாம புதுப் போதகரக் கூப்பிட்டுட்டீங்களா?" என்றார். கெத்தின் கோப்பையைக் கீழே வைக்காமலே, "ஒரு ஞாயித்துக்கிழமைக்கு மட்டும்தான் மூப்பரே. பிரசங்கம் சின்னதா இருக்கும்" என்றார். இஸ்லுயின் உட்கார்ந்து பழரொட்டியில் இரண்டு துண்டு தின்றுவிட்டுத்தான் போனார். வாடகைக் காரைப் பற்றி அவரும் பேசவில்லை; நானும் கேட்கவில்லை.

வலது மூலையை அடைத்தோம். ஒரு வாரம் நல்ல மழைக்காகக் காத்திருந்தோம். இந்த ஊரில் அதற்குக் குறைவில்லை. தரை காய்ந்தே இருந்தது. அடுத்த சனிக்கிழமை கெத்தின் மறுபடியும் வந்தார். நடுமேட்டை முதலில், பிறகு கதவுப்படிகள், கடைசியாகத் தரை என்று நீ சொன்னபடியே போட்டோம். தரையில் பசையில்லை. பின்பு போல்ட் துளைகள். அவர் காருக்கு அடியில் மல்லாந்து படுத்து, கீழிருந்து குத்தூசியை ஏற்றினார். நான் மேலே மண்டியிட்டு, ஊசிமுனை எங்கே எட்டிப் பார்க்கிறதென்று உள்ளங்கையால் தடவிக்கொண்டிருந்தேன். மண்டியிட்டு என்று எழுதிவிட்டேன். நம் ஜெபவீட்டில்கூட நான் நின்றோ அமர்ந்தோதான் ஜெபிப்பேன், நீ அறிவாய்.

அங்கே ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. இடையே ஒரு தகரமும் ஒரு கம்பளமும். திருமணத்தைப் பற்றிப் பேசக்கூடாதென்ற உன் கட்டளையை அவர் மேலே இருக்கும்வரை காத்தார். கீழே போனதும் காக்கவில்லை.

"போதகரே, நெசமாவே அவ தனியா நடக்கட்டும்னு நெனைக்கிறீங்களா?"

"கொஞ்சம் இடப்பக்கம்" என்றேன்.

ஊசி நகர்ந்தது. "எனக்காக வர வேணாம். கோயிலுக்காகவும் வேணாம். அவ எங்கிட்ட அழல. அதான் எனக்குப் பயமா இருக்கு."

நான் பசுவின் கதையைச் சொன்னேன். தொழுவத்தில் அவிழ்த்தது, வாசலில் நிறுத்தியது, வீட்டில் கைக்குழந்தை பாலுக்கு அழுதது, எல்லாம் சொன்னேன். அவர் கீழே அசையாமல் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் முடித்தபின் கீழிருந்து அவர் குரல் வந்தது.

"அது பெரிய அநியாயம் போதகரே. அத நான் இல்லங்கல. ஆனா அந்தப் பசு செத்து நூறு வருசமாச்சு. மாட்டு வைத்தியன் சொல்றேன், இனி பொழைக்காது."

அந்த வேளையில் ஊசி என் உள்ளங்கையில் ஏறியது. வலியில் கத்தினேன். "அங்கதானா?" என்றார். "அங்கேயேதான்" என்றேன். அந்த இடத்தில் வெட்டினோம். போல்ட் ஒரே திருகில் இறங்கியது.

லோவ்ரி, இனிச் சுருக்கமாக எழுதுகிறேன். நீ தனியாக நடக்கமாட்டாய். காரை நிறுத்தி, கதவைத் திறந்து, உன் கையைப் பிடித்து, உன் அப்பா நான் உள்ளே வருவேன். பலிபீடம் வரை வருவேன்.

உங்கள் குருவானவரிடம் சில காரியங்களை முன்கூட்டியே சொல்லி வை. அவர்கள் மண்டியிடும்போது நான் நிற்பேன். புத்தகத்தைப் பார்த்து வாசிக்கும் ஜெபத்துக்கு, வாசித்து முடித்தபின் யோசித்துத்தான் ஆமென் சொல்வேன்; தாமதமானால் எனக்காகக் காத்திருக்க வேண்டாம். பாட்டு மட்டும் நம் மெட்டாக இருந்தால் யாருக்கும் குறைவில்லாமல் பாடுவேன். "இந்தப் பெண்ணைக் கொடுப்பவர் யார்" என்று அவர் கேட்கும் இடம் ஒன்று உண்டாம். கெத்தின் சொன்னார். அங்கே நான் என்ன சொல்லவேண்டும் என்று விசாரித்து எழுது. கொடுக்கிறேன் என்று சொல்ல எனக்கு மனமில்லை. பிடித்திருக்கிறேன் என்று சொல்லலாமா என்று கேள்.

நேற்று ஆராதனை முடிந்ததும் சபைக்கு இதை நானே அறிவித்தேன். ஒரு குடும்பம் எழுந்து போனது. நாளைக்கு அவர்கள் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டவிருக்கிறேன். அவர்கள் போனதும் இஸ்லுயின் பின்வரிசையிலிருந்து, "போதகரே, கார்ல இன்னும் மூணு பேருக்கு எடமிருக்குமா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். ஆனால் உனக்கும் அவர்களுக்கும் ஒரே நிபந்தனை: அன்று மழை பெய்தால், ஏறுமுன் ஒவ்வொருவரும் காலணியைத் துடைத்துக்கொள்ள வேண்டும். நன்றாகத் துடைத்துக்கொள்ள வேண்டும். மணப்பெண்ணுக்கும் விலக்கில்லை.

இந்த எழுத்தைக் கையில் ஏந்தி வாசிக்கிற உன்மேலும், உனக்கு இடம் கொடுத்த அந்த வீட்டின்மேலும், அங்கே மேசையைச் சுற்றி இதைக் கேட்கிற ஒவ்வொருவர்மேலும் ஆண்டவருடைய முகப்பிரகாசம் தங்கட்டும். அவர்கள் கூரை ஒழுகாதிருப்பதாக. அவர்கள் அடுப்பு அணையாதிருப்பதாக. அவர்கள் வாசலுக்கு வருகிறவர்கள் வாசலோடு நின்றுவிடாதிருப்பார்களாக. ஆமென்.

உன் அப்பா,
இத்தெல்